போர்ட் லூயி தெருவும் கரும்புத் தோட்ட வழியும்: இரண்டுக்கும் ஒரே சைக்கிள் எது?

மொரிஷியசில், தெருவுக்கும் மண்பாதைக்கும் பொதுவான ஹைப்ரிட் சைக்கிள் பார்க்கக் கடைக்குள் நுழைகிறவர்கள் பலர் முதலில் செய்வது, ஹேண்டில்பாரைப் பிடித்து முன்பக்கத்தை இரண்டு தடவை அமுக்கிப் பார்ப்பது. அமுங்கினால் நல்ல வண்டி, அமுங்காவிட்டால் மட்டமான வண்டி என்று முடிவாகிவிடுகிறது. இந்தத் தீவில் அந்தச் சோதனை ஆளை ஏமாற்றும். பார்க்க வேண்டியவை இரண்டு: சட்டகத்துக்குள் எவ்வளவு அகலமான டயர் நுழையும், ஏற்றத்துக்கு எவ்வளவு இலகுவான கியர் இருக்கிறது. சீட்டு, பெடல், கைப்பிடி எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். டயருக்கு இடமில்லாத சட்டகத்தை யாராலும் அகட்ட முடியாது.

காரணம் நிலத்திலேயே கிடக்கிறது. போர்ட் லூயி கடல் மட்டத்தில். சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி கியூர்ப்பிப் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில். நடுப் பீடபூமியில் ஆண்டுக்கு 4,000 மி.மீ. அளவுக்கு மழை கொட்டும் இடங்கள் உண்டு. மேற்குக் கரையில் 900 மி.மீ. அளவுதான். காலையில் ஈரச் சாலையில் கிளம்பியவர் மதியம் மேற்குக் கரையின் பிளிக் ஆன் பிளாக்கில் புழுதியிலும் உப்புக்காற்றிலும் நிற்பார். இடையே கரும்புத் தோட்ட வழிகள்: டிராக்டர் சக்கரம் போட்ட இரண்டு தடம், நடுவில் புல், செம்மண், அதில் முட்டி நிற்கும் கருங்கல். எரிமலைப் பாறை என்பதால் விளிம்பு கூர்மையாகவே இருக்கும். டயரின் பக்கச்சுவர் கிழிவது பெரும்பாலும் இந்தக் கல்லில்தான்.

பிரெஞ்சு வழக்கில் பேசும் கடைகளில் இந்த வகைக்கு 'வேத்தேசே' என்று பெயர், அதாவது எல்லா வழிக்குமான சைக்கிள். மலை சைக்கிள் 'வேத்தேத்தே'. காதுக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆகவே எதைக் கேட்கிறோம் என்பதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஹைப்ரிட்டுக்குள்ளும் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ட்ரெக் எஃப்எக்ஸ், ஸ்பெஷலைஸ்ட் சிரஸ், ஜயன்ட் எஸ்கேப் ஆகியவை தெருப்பக்கம் சாய்ந்தவை. ட்ரெக் டூயல் ஸ்போர்ட், சிரஸ் எக்ஸ், ஜயன்ட் ரோம் ஆகியவை மண்பாதைப் பக்கம் சாய்ந்தவை. டெக்காத்லோனின் ரிவர்சைட் வரிசை வேத்தேசே என்ற பெயரிலேயே விற்கப்படுவது. 'சிரஸ்' என்று கேட்டு வாங்கிவிட்டு வீட்டில் வந்து 'எக்ஸ்' இல்லையே என்று வருந்தாதீர்கள். அந்த ஓர் எழுத்தில்தான் டயரின் அகலம் இருக்கிறது.

டயருக்கு வருவோம். தெருவகை ஹைப்ரிட்டில் 32 முதல் 38 மி.மீ. வரை போட்டு அனுப்புவார்கள். மண்பாதை வகையில் 40 முதல் 47 வரை, சிலவற்றில் அதற்கும் மேல். இங்கே குறைந்தபட்சம் 40 வேண்டும், 42 இன்னும் நல்லது. டயரின் பக்கவாட்டில் 42-622 போன்ற எண் அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம். 622 என்றால் 700சி, 28, 29 என்று மூன்று பெயரில் விற்கப்படும் ஒரே அளவு. 584 என்றால் 27.5. டியூப் வாங்கும்போது இந்த எண்ணைக் காட்டினால் தவறு நேராது. முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே இரு பக்கமும் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். சேறு அப்பினால் அந்த இடைவெளிதான் சக்கரத்தைச் சுழல விடுகிறது. மட்கார்ட் போடும் எண்ணமிருந்தால், 42 டயருக்கு 50 மி.மீ. அகல மட்கார்ட் தேவை. அதற்கும் இடம் இருக்க வேண்டும். பீடபூமியில் வசிப்பவருக்கு மட்கார்ட் அலங்காரம் அல்ல. அது இல்லாமல் வேலைக்குப் போனால் சட்டையின் முதுகில் செம்மண் கோடு விழும்.

காற்று விஷயத்தில்தான் பெரும்பாலானோர் வண்டியைக் கெடுக்கிறார்கள். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவு எச்சரிக்கை. அதையே இலக்காகக் கொண்டு காற்றடித்துவிட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கிப் போடுகிறது, ஸ்பிரிங் ஃபோர்க் வாங்கியிருக்கலாம் என்று புலம்புகிறார்கள். 75 கிலோ எடையுள்ளவர் 42 மி.மீ. டயரில் தெருவுக்கு முன்னால் 40, பின்னால் 45 பிஎஸ்ஐ வைத்தால் போதும். தோட்ட வழிக்கு 32, 36 என்று இறக்கலாம். பத்துக் கிலோ கூடுதலானால் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டுங்கள். அதற்கும் கீழே இறக்கினால், கல் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தாற்போல் அருகருகே இரண்டு துளை விழும். துளை ஒன்றுதான் என்றால் குத்தியது முள்ளோ கம்பியோ. டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். காற்றழுத்தம் காட்டும் மானோமீட்டர் உள்ள தரைப்பம்பு ஒன்றை சைக்கிளோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். கட்டை விரலால் அழுத்திப் பார்த்து 35க்கும் 50க்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

அகல டயருக்கு இன்னொரு நியாயமும் இங்கே முளைத்திருக்கிறது. மெட்ரோ எக்ஸ்பிரஸ் ரயில் கியூர்ப்பிப் வரை வந்தபின், சாலையோடு சமமாகப் பதித்த தண்டவாளத்தைப் பல இடங்களில் கடக்க வேண்டியிருக்கிறது. தண்டவாளத்தின் பள்ளத்தில் 32 மி.மீ. டயர் இறங்கினால் ஹேண்டில்பார் திரும்பாது. ஓட்டுகிறவர்தான் கீழே போவார். 42 டயரும் முழுப் பாதுகாப்பு அல்ல. எந்த டயராக இருந்தாலும் தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். மழையில் இரும்பின் மேல் பிரேக்கைத் தொடக் கூடாது, வண்டியைச் சாய்க்கவும் கூடாது.

இனி அந்த அமுங்கும் ஃபோர்க். நடுத்தர விலைக்குக் கீழே உள்ள ஹைப்ரிட்களில் வருவது 50 அல்லது 63 மி.மீ. அமுங்கும் சுருள் ஸ்பிரிங் ஃபோர்க். எடை இரண்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அமுங்காத அலுமினிய ஃபோர்க் ஒரு கிலோ அளவுதான். அந்த ஒன்றரைக் கிலோவை கியூர்ப்பிப் வரை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். எடை போனால் போகட்டும் என்றாலும், இவற்றில் திரும்பி எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருப்பது அரிது. ஆகவே கல்லில் அமுங்கி, அடுத்த கல்லுக்குள் துள்ளி எழும். மேலே சுழற்றும் திருகு ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை மட்டுமே மாற்றும்; வேறொன்றும் செய்யாது. இதைவிட மோசம் துரு. உள்ளே நுழையும் இரண்டு குழாய்களும் எஃகு, மேலே மெல்லிய முலாம். கடலோரத்தில் வெளியே நிறுத்தினால் முலாமில் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். அந்தப் புள்ளிகள் ரப்பர் சீலை அரிக்கும். பிறகு சேற்றுத் தண்ணீர் உள்ளே. ஓரிரு ஆண்டில் அந்த ஃபோர்க் அமுங்காத ஃபோர்க்காகிவிடும், எடை மட்டும் குறையாது. கடலோரத்துத் தாமரினிலோ மாஹேபூரிலோ வீடு என்றால் இதை வாங்கவே வேண்டாம். காற்றால் இயங்கும் நல்ல ஃபோர்க் உள்ள வண்டி தனிக் கதை. அந்தப் பணம் இருந்தால் மலை சைக்கிளே வாங்கலாம்.

மணிக்கட்டு வலி உள்ளவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள் ஸ்பிரிங்தான் வேண்டும் என்றால் நியாயமே. ஆனால் முதலில் 45 மி.மீ. டயர், சரியான காற்று, உள்ளங்கை தாங்கும் அகலக் கைப்பிடி ஆகிய மூன்றையும் முயன்று பாருங்கள். இதற்கு ஆகும் செலவு ஃபோர்க்கில் சிறு பங்கு.

கியர்தான் கணக்குப் போட வேண்டிய இடம். முன்னே பெடலோடு சுழலும் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பின்னே உள்ள பெரிய பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்து, 40 மி.மீ. டயரின் சுற்றளவான 2.2 மீட்டரால் பெருக்குங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பது கிடைக்கும். இப்போது நாகரிகமாகிவிட்ட, முன்னே ஒற்றைப் பல்சக்கரம் உள்ள வண்டி ஒன்றில் 38 பல், பின்னே பெரியது 36 என்றால் 2.3 மீட்டர். முன்னே 46, 30 என இரண்டு பல்சக்கரம், பின்னே 34 என்றால் 1.9 மீட்டர். வித்தியாசம் சின்னதாகத் தெரியும். காஸ் நுவாயாலிலிருந்து சாமரல் ஏறும்போது தெரியும் அது சின்னதல்ல என்று. எட்டு விழுக்காட்டு ஏற்றத்தில், ஆளும் வண்டியுமாக 90 கிலோ, நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதலாவதற்குச் சுமார் 180 வாட் வேண்டும், இரண்டாவதற்கு 150. தினமும் பயிற்சி செய்யாத ஒருவர் அரைமணி நேரம் தாக்குப்பிடிப்பதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் நடுவே உள்ள கோடு பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் ஓடுகிறது.

ஆகவே 2 மீட்டருக்குக் கீழே வரும் கியர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைப் பல்சக்கர வண்டி பிடித்துப்போனால் முன்னே 34 பல் சக்கரம் மாட்ட முடியுமா என்று கேளுங்கள். பின்னே 36 இருந்தால் 2.1 மீட்டர் ஆகிவிடும், 42 இருந்தால் 1.8. வேகம் குறைந்துவிடும் என்று கவலை வேண்டாம்: 34க்கு 11 கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலே மணிக்கு 32 கி.மீ.க்கு மேல். தெருவில் அதற்கு மேல் ஓட்டுகிறவர் ஹைப்ரிட் வாங்கப்போவதில்லை.

பழைய பாணியில் முன்னே மூன்று பல்சக்கரம் உள்ள வண்டியை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். 28 பல் சின்னச் சக்கரம் இருந்தால் எந்த ஏற்றத்துக்கும் கலங்காது. அதில் பயப்பட வேண்டியது பின்சக்கரத்தின் நடுப்பகுதி. ஏழு கியர் மலிவு வண்டிகளில் பல்சக்கரக் கொத்து மரையால் முறுக்கும் ஃப்ரீவீல் ஆக இருக்கும். அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி உட்கார்ந்திருப்பதால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சு நீளம். கல்பாதையில் கனமான ஆள் ஓட்டினால் அச்சு வளையும், பிறகு ஒடியும். எட்டு கியரும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் கேசட் வகை. அதில் பேரிங் விளிம்பு வரை வந்து அச்சைத் தாங்கும். வாங்குமுன் 'கேசட்டா, ஃப்ரீவீலா' என்று ஒரு கேள்வி போதும். பதில் தெரியாத கடையில் பழுது பார்க்கவும் கொடுக்காதீர்கள்.

இன்னொரு சிக்கல் புதியது. கியர் பாகங்கள் செய்யும் ஷிமானோ 2023இல் கொண்டுவந்த கியூஸ் வரிசை உறுதியானது, பல் தேய்வதும் மெதுவாக. ஆனால் '9 கியர்' என்று எழுதியிருந்தாலும் பழைய அல்டஸ், அலிவியோ 9 கியர் பாகங்கள் அதோடு ஒத்துப்போகாது. தீவில் பாகம் கப்பலில் வர வேண்டும். எனவே எந்த வரிசை என்பதைவிட, அதன் செயினும் கேசட்டும் இப்போதே அந்தக் கடையின் அலமாரியில் இருக்கிறதா என்பதே முக்கியம்.

அதே காரணத்துக்காக, வண்டியோடு உபரியாக வாங்க வேண்டிய முதல் பொருள், பின்னால் செயினை மாற்றும் தெராயேர் தொங்குகிற சிறு அலுமினியத் துண்டு. பிரெஞ்சில் கேட்பதானால் 'பாத் த தெராயேர்'. விழுந்தால் சட்டகம் வளையாமல் தான் வளைவதற்காகவே வைத்த துண்டு அது. வண்டிக்கு வண்டி வடிவம் மாறும். ஒன்றின் துண்டு மற்றதில் பொருந்தாது. ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலத்தில் தோட்ட வழியெல்லாம் கரும்பு இலைச் சோகை பரந்து கிடக்கும். காய்ந்த சோகை தெராயேரின் சின்னச் சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். கரகரவென்று சத்தம் வந்தவுடன் மிதிப்பதை நிறுத்தி இறங்கிக் கையால் உருவிவிட்டால் ஒன்றுமில்லை. 'இன்னும் இரண்டு மிதி' என்று அழுத்தினால் துண்டு ஒடிந்து, தெராயேர் சக்கரக் கம்பிகளுக்குள் போய், கம்பி நான்கைந்தையும் கூட்டிக்கொண்டு போகும்.

பிரேக்குக்கு ஹைட்ராலிக் டிஸ்க், 160 மி.மீ. தட்டு. கேபிள் டிஸ்க்கும் வேலை செய்யும், ஆனால் உப்புக்காற்றில் கேபிள் இறுகும். ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக் காய்ந்த சாலையில் தாராளம். செம்மண் மழையிலோ மணல் காகிதம் போல ரிம்மைத் தேய்த்துவிடும். டிஸ்க் வண்டியில் நேரும் கேடு ஒன்றே ஒன்று என்றால், செயின் எண்ணெய் தட்டில் படுவது. தட்டைப் பிடிக்கும் பேடு எண்ணெய் குடித்தால் கீச்சிடும், பிடிக்காது. அதைக் காப்பாற்றுவதும் கடினம். எனவே தூவும் டப்பா எண்ணெய் வேண்டாம், சொட்டுச் சொட்டாக விடும் குப்பியே நல்லது. புது பேடுக்கு 25 கி.மீ. வேகத்திலிருந்து இருபது தடவை படிப்படியாகப் பிடித்து இறக்கிப் பழக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது லீவரை அழுத்தாதீர்கள். பேடுகள் ஒட்டிக்கொண்டு தட்டு நுழையாது. பேடின் உரசும் பகுதி அரை மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றுங்கள். கியூர்ப்பிப்பிலிருந்து தினமும் இறங்குகிறவருக்கு, மழைமாதத்தில், அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வரும்.

அளவு பார்க்கும்போது சட்டகத்தின் மேல் குழாய்க்கு இரு பக்கமும் கால் ஊன்றி நில்லுங்கள். கவட்டுக்கும் குழாய்க்கும் இடையே 3 முதல் 5 செ.மீ. இருக்க வேண்டும். தோட்ட வழியில் சட்டென்று இறங்க நேர்ந்தால் இந்த இடைவெளிதான் காப்பாற்றும். சீட்டு உயரத்துக்கு, வெறுங்காலில் கவட்டு உயரம் அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 78 செ.மீ. என்றால் 69 செ.மீ.; பெடல் அச்சின் நடுவிலிருந்து அல்ல, பெடலைத் தாங்கும் கையான கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை. இது தொடக்கம்தான், முட்டி சொல்வதைக் கேட்டு சில மில்லிமீட்டர் ஏற்றி இறக்கலாம்.

எந்தக் கடையாக இருந்தாலும், பாகங்களைப் பூட்டிக் கொடுத்த வண்டியை அங்கேயே சோதித்து வாங்குங்கள். பல்பொருள் அங்காடிகளில் ஃபோர்க்கைப் பின்முன்னாகத் திருப்பி வைத்த சைக்கிள் நிற்பது உலகெங்கும் காணக்கூடிய காட்சி. டிஸ்க் பிடிப்பான் ஃபோர்க்கின் வலப்பக்கம் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில்பார் சுழலும் தலைப்பகுதியில் 'டக்' என்றால் அது தளர்ந்திருக்கிறது. இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசை. பழக்கமில்லாதவர் அதை வலுக்கட்டாயமாக முறுக்கினால் கிராங்கின் மரை போய், இரண்டாம் வாரத்தில் பெடல் கழன்று கையில் வரும். கிராங்க் கைகளையும் ஆட்டிப் பாருங்கள். சதுர அச்சில் தளர்ந்த கிராங்கோடு பத்துக் கிலோமீட்டர் ஓட்டினாலே அலுமினியத் துளை உருண்டையாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. முதல் 200 கி.மீ. ஆனதும் கம்பிகளின் இறுக்கமும் கேபிளும் ஒரு தடவை சரிபார்க்கப்பட வேண்டும். அந்த முதல் சர்வீஸ் விலைக்குள் அடங்குகிறதா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

அன்றே வீட்டில் ஒரு வேலை: சீட்டுக் குழாயை உருவி, கிரீஸ் தடவித் திரும்பச் செருகுங்கள். அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் ஒட்டி இறுகினால் சுத்தியலுக்கும் அசையாது. அலுமினியச் சட்டகத்தில் அலுமினியக் குழாய் என்றாலும் விதிவிலக்கு இல்லை. செயினுக்கு மேற்குக் கரையில் உலர்வகை எண்ணெய், பீடபூமியில் ஈரவகை. கடற்கரைச் சவாரிக்குப் பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து, பிறகுதான் எண்ணெய். கார் கழுவும் அழுத்தக் குழாய் பேரிங்குக்குள் தண்ணீரை ஏற்றிவிடும்.

இலேசான மண்பாதை என்றால் எதுவரை? ப்ரா தோ தேசியப் பூங்காவின் காட்டு வழிகள், கடலை ஒட்டிய மண்சாலைகள், கரும்புத் தோட்டத் தடங்கள் வரை இந்த வண்டி சொன்னபடி கேட்கும். பெத்ரினிலிருந்து மகாபே காட்சிமுனைக்குச் செல்லும் அகலமான தடமும் இதற்கு ஏற்ற தரைதான். அங்கிருந்து கருநதிப் பள்ளத்தாக்குக்குச் செங்குத்தாக இறங்கும் வழி இதற்கானது அல்ல. வேரும் வழுக்குப் பாறையுமான அந்த இறக்கத்தில் 160 மி.மீ. தட்டும் 42 டயரும் பத்து நிமிடத்தில் தோற்றுப்போகும். கரும்புத் தோட்ட வழிகள் பெரும்பாலும் எஸ்டேட்டுக்குச் சொந்தம், சங்கிலி போட்டிருந்தால் கேட்டுவிட்டு நுழையுங்கள். வெட்டுக் காலத்தில் வளைவுகளில் எதிரே லாரி வரும். ஆளுயரக் கரும்பு அதை மறைக்கும். மகா சிவராத்திரி வாரத்தில் புனித ஏரியான கிராண்ட் பாசானை நோக்கிய சாலைகளில் யாத்திரிகர்கள் காவடி சுமந்து நடப்பார்கள்; அந்த நாட்களில் சைக்கிளை வேறு பக்கம் திருப்புவதே மரியாதை.

விளக்கு பெரும்பாலும் வண்டியோடு வருவதில்லை. ஜூனில் மாலை ஆறுக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். பின்னால் சிவப்பு விளக்கை சீட்டுக் குழாயில் மாட்டுங்கள். மழைச்சட்டையின் வால் அதை மறைக்கிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். மறைத்தால் மட்கார்டின் விளிம்பில் மாட்டலாம்.